புகையானும் முஞ்ஞயும்: எல்லை வயல்களில் பூச்சியைப் படிக்கக் கற்பது

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம், மீனாட்சிபுரத்திலிருந்து சித்தூர் போகும் வழியில் என் மாமாவுக்கு இரண்டு ஏக்கர் நெல் வயல் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் இரண்டாம் போகமான முண்டகன் பருவத்தில் ஒரு நாள் காலையில் அங்கே போனேன். மாமா மருந்து அடித்து முடித்துவிட்டு வாய்க்காலில் இறங்கி ஸ்பிரேயர் டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தார். டேங்கைக் கவிழ்த்ததும் பால் மாதிரி ஒரு வெள்ளை நீர் வந்து தண்ணீரில் பரவி, நுரையாகி, வாய்க்காலோடு போனது. இருபது அடி தள்ளி, பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் அதே வாய்க்காலில் கையைக் கழுவிவிட்டுத் தூக்குப்போசியைத் திறந்தார்.

"என்ன மருந்துங்க மாமா?"

"கடைக்காரர் கொடுத்ததுதான் கண்ணு. இலையெல்லாம் சுருண்டு கிடக்குதுன்னு சொன்னேன், இதை அடிங்கன்னார்."

"எவ்வளவு ஊத்துனீங்க?"

"டேங்குக்கு ரெண்டு மூடி. சந்தேகத்துக்கு இன்னும் ஒரு மூடி."

மாமா ஏனோதானோ என்று வேலை செய்கிற ஆள் கிடையாது. வரப்பில் ஒரு எலி வளை விடாமல் பார்ப்பார், விதை நெல்லை மூன்று முறை புடைக்கச் சொல்வார். ஆனால் பூச்சி விஷயத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே வாத்தியார் மருந்துக்கடைக்காரர்தான். சீக்கு சொல்லி மருந்து வாங்குவது போலத்தான் போவார். நாமும் அதை மருந்து என்றே சொல்கிறோம், மலையாளத்திலும் மருந்துதான். பயிருக்கு ஏதோ உடம்பு சரியில்லை, கொடுத்தால் தேறிவிடும் என்ற நினைப்பு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. மருந்து என்றால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நல்லதுதானே என்று அந்த மூன்றாவது மூடி விழுகிறது.

அந்த நுரை எங்கே போகும் என்று பார்ப்போம். சித்தூர்ப் புழையில் ஓடுவது ஆழியாற்றுத் தண்ணீர். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி மணக்கடவு தடுப்பணை வழியாகக் கேரளத்துக்குள் வர வேண்டும். எத்தனை வந்தது, எத்தனை பாக்கி என்று இரண்டு மாநிலமும் வருடா வருடம் வாதாடும் தண்ணீர் இது. மூலத்தறை ரெகுலேட்டரில் பிரிந்து, கால்வாய்களில் ஏறி வயலுக்கு வருகிறது. வயலிலிருந்து வடிந்தது மறுபடி புழையில் சேர்கிறது. புழை பறளியில் கல்பாத்திப் புழையோடு கூடிப் பாரதப்புழையாகி, ஒற்றப்பாலம், பட்டாம்பி தாண்டிப் பொன்னானியில் கடலைத் தொடுகிறது. வழியெல்லாம் குடிநீருக்கு இறைக்கிறார்கள். ஆனைமலைப் பக்கம் அடித்ததன் மிச்சம் எங்களுக்கு, எங்கள் மிச்சம் ஒற்றப்பாலத்துக்கு. எத்தனை டிஎம்சி என்று இவ்வளவு சண்டை போடுகிற நாம், அந்தத் தண்ணீரில் என்ன கரைந்து வருகிறது என்று கேட்பதே இல்லை. இது என் நெடுநாள் ஆதங்கம்.

எல்லா மருந்தும் ஒரே மாதிரி பயணம் செய்வதில்லை. இந்த வித்தியாசம் ஒரு விவசாயிக்குப் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. சில மருந்துகள் தண்ணீரில் கரைகின்றன. நெல்லுக்குப் பரவலாக அடிக்கும் இமிடாகுளோபிரிட் ஒரு லிட்டர் தண்ணீரில் அரை கிராமுக்கு மேல் கரையும். குருணையாக வயலில் வீசும் கார்போபியூரானும் நன்றாகக் கரையக்கூடியது. இவை தண்ணீர் போகிற இடமெல்லாம் கூடவே போகும், மண்ணுக்குள் இறங்கும். வேறு சில மருந்துகள் கரையாது, மண்ணைப் பிடித்துக்கொள்ளும். குளோர்பைரிபாஸ், சைபர்மெத்ரின் போன்றவை அப்படிப்பட்டவை. மண்ணைப் பிடித்துக்கொண்டால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மழையில் மண்ணே கரைந்து வாய்க்காலுக்குப் போகும்போது அதன் மேல் ஏறிக்கொண்டு இதுவும் போகிறது. சைபர்மெத்ரின் வகை மருந்து மீன்களைக் கொல்ல லிட்டருக்குச் சில மைக்ரோகிராமே போதும். மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. மாமா டேங்கைக் கழுவிய அந்த இடத்தில் நான் சின்னப் பையனாக இருந்தபோது துண்டை விரித்துக் கெண்டைக் குஞ்சு பிடித்திருக்கிறேன்.

கிழக்கே எருத்தேன்பதி, வடகரப்பதி பக்கம் போனால் கதை கொஞ்சம் மாறும். அது மழை மறைவுப் பிரதேசம். கேரளத்தில் கரிசல் மண் இருக்கும் வெகு சில இடங்களில் சித்தூர் தாலுகாவும் ஒன்று. கரிசல் காய்ந்தால் வெடிக்கும், கை நுழைகிற அளவுக்குப் பிளக்கும். சாதாரண மண்ணில் தண்ணீர் மெல்லக் கசிந்து இறங்கும்போது மேல்மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு விஷத்தைச் சிதைக்க அவகாசம் கிடைக்கும். வெடித்துக் கிடக்கும் கரிசலில் முதல் மழையோ முதல் பாய்ச்சலோ அந்தப் பிளவுக்குள் நேராக இறங்கிவிடும், மேலே அடித்தது எதுவானாலும் அதையும் இழுத்துக்கொண்டு. கிணற்றையும் போர்வெல்லையும் நம்பி வாழும் ஊர்களில் இது சின்ன விஷயமில்லை. கோக்ககோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுவதை எதிர்த்து மக்கள் போராடிய பிளாச்சிமடை இருப்பது இதே தாலுகாவில்தான். நிலத்தடி நீர் போனால் என்ன ஆகும் என்பதை இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மருந்தையும் அந்த நீரையும் சேர்த்துப் பார்க்கத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, மருந்து அடிக்காமல் விட்டால் பூச்சி தின்றுவிடாதா? மாமா கேட்ட முதல் கேள்வி அதுதான், நியாயமான கேள்வி.

புகையானை எடுத்துக்கொள்வோம். நெல்லின் அடித்தூரில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பழுப்பு நிறத் தத்துப்பூச்சி. பெயருக்கு ஏற்றபடி, புகை பட்டுக் கருகியது போல வயல் வட்டம் வட்டமாகக் காய்ந்துவிடும். இந்தியாவில் இது பெரிய அளவில் தாக்கியது முதலில் கேரளத்தில்தான், 1973-74ல், குட்டநாட்டில். அதற்கு முன் இது பெரிய பூச்சியாகவே கருதப்படவில்லை. குட்டை ரகம் வந்தது, யூரியா கூடியது, நெருக்கமாக நட்டார்கள், கூடவே மருந்தும் வந்தது. அப்புறம்தான் புகையான் தலை எடுத்தது.

மருந்து அடித்துப் புகையான் கூடுவது எப்படி? புகையான் முட்டைகளை இலையுறையின் சதைக்குள் செருகி வைக்கும். மேலே அடிக்கும் மருந்து பெரும்பாலும் அங்கே எட்டாது. ஆனால் அந்த முட்டைகளை உறிஞ்சித் தின்னும் பச்சை நிற மிரிட் நாவாய்ப்பூச்சி வெளியே நடமாடும், அது செத்துவிடும். குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும் ஓநாய்ச் சிலந்தி தண்ணீர் மேல் ஓடித் திரியும், அதுவும் செத்துவிடும். ஒரு வாரம் பத்து நாளில் முட்டைகள் பொரிக்கும்போது வயலில் அவற்றைத் தின்ன யாருமில்லை. ஒரு பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடக்கூடியது. இலைச்சுருட்டுப் புழுவுக்கு என்று சைபர்மெத்ரின் வகை மருந்தை அடித்துவிட்டு, மூன்று நான்கு வாரம் கழித்துப் புகையானுக்கு இன்னொரு மருந்தைத் தேடி ஓடுவது இப்படித்தான் நடக்கிறது. கடைக்காரருக்கு இரண்டு வியாபாரம், வாய்க்காலுக்கு இரண்டு கழுவல்.

இந்த இடத்தில் எங்கள் புழையோரத்துக் கதை ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. பட்டாம்பியில், பாரதப்புழைக் கரையோரம், 1927ல் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். மலபார் அப்போது மதராஸ் மாகாணத்தில் இருந்தது. அங்கே சேர்த்துத் தேர்ந்த நாட்டு நெல்களில் பிடிபி 18, பிடிபி 21, பிடிபி 33 ஆகியவை புகையானைத் தாங்கும் குணம் உள்ளவை. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி, 1976ல் வெளியாகி, ஆசியா முழுக்கப் பரவிய ஐஆர் 36 ரகத்தின் பூர்வீகத்தில் பட்டாம்பி நெல்லும் உண்டு. அந்த எதிர்ப்புக் குணம்தான் இந்தோனேசிய வயல்களைக் கொஞ்ச காலம் காப்பாற்றியது. ஆனால் ரகம் மட்டும் போதவில்லை. அங்கே அரசே மானியத்தில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தது, சிலந்திகள் செத்துக்கொண்டே இருந்தன, புகையானும் புதுப் புது ரகங்களைத் தின்னப் பழகிக்கொண்டே வந்தது. கடைசியில் 1986ல் இந்தோனேசிய அதிபர் ஆணை போட்டு, நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளை விலக்கினார். மானியத்தையும் படிப்படியாக நிறுத்தினார்கள். 1989ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். தடை போட்டால் மட்டும் போதாது, மருந்து இல்லாமல் என்ன செய்வது என்று விவசாயிக்குத் தெரிய வேண்டும் என்பதை அவர்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்டார்கள். விதை எங்கள் புழைக்கரையிலிருந்து போனது, பாடம் அங்கிருந்து எங்களுக்கு வந்தது.

எங்கள் பாடசேகர சமிதியில் ஒரு பருவம் அப்படி ஒரு பள்ளி நடந்தது. பாடசேகரம் என்றால் ஒரே வாய்க்காலில் பாயும், வரப்போடு வரப்பாகக் கிடக்கும் வயல்களின் கூட்டம். அந்த விவசாயிகளின் குழு சமிதி. முப்பது பேர், வாரம் ஒரு காலை, நடவிலிருந்து அறுவடை வரை. வகுப்பு வரப்பில்தான். ஐந்தைந்து பேராகப் பிரிந்து வயலுக்குள் குறுக்காக நடந்து, பத்துக் குத்துகளைப் பார்க்க வேண்டும். குத்து என்றால் ஒரே இடத்தில் நட்ட நாற்றின் கொத்து, அதில் கிளைக்கும் ஒவ்வொரு தண்டும் ஒரு தூர். குத்தைக் கையால் சாய்த்து அடித்தூரில் இரண்டு தட்டுத் தட்டினால் புகையான், சிலந்தி எல்லாம் தண்ணீரில் விழும். எண்ணிக்கொள்ள வேண்டும். கரைக்கு வந்து ஒரு பெரிய தாளில் நெல் செடி ஒன்று வரைந்து, அதன் ஒரு பக்கம் தின்னும் பூச்சிகளையும் மறுபக்கம் அந்தப் பூச்சிகளைத் தின்பவற்றையும் எண்ணிக்கையோடு வரைய வேண்டும். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, வெயிலா மேகமா என்றும் போட வேண்டும். அப்புறம் அடிக்கலாமா வேண்டாமா என்று அந்தப் படத்தை வைத்து வாதம். அறுபது வயது ஆள்கள் ஸ்கெட்ச் பேனாவைப் பிடித்துச் சிலந்திக்கு எட்டுக் கால் வரைந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு ஒன்று அங்கே எல்லோருக்கும் மனப்பாடம் ஆனது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் என்றால் நடவடிக்கை எடுக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். ஒரே ஒரு சிலந்திக்கு இவ்வளவு மதிப்பா என்று மாமா நம்பவில்லை. அதற்கும் அங்கே வழி இருந்தது. இரண்டு தெளிவான பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி, கொசுவலைத் துணி கட்டி, இரண்டிலும் நெல் தூரை வேரோடு வைத்து இருபது இருபது புகையானை விட்டார்கள். ஒன்றில் மட்டும் ஓநாய்ச் சிலந்தி. அத்தை அந்த பாட்டில்களை வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் எண்ணினால் சிலந்தி இல்லாத பாட்டிலில் இருபதும் அப்படியே இருந்தது. இன்னொன்றில் எட்டு. "பன்னெண்டைத் தின்னுட்டுப் பேசாம உக்காந்திருக்குது பாரு" என்று அத்தை மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினார். மாமா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நூறு துண்டுப் பிரசுரம் கொடுத்தாலும் அந்தப் பார்வை வராது.

இன்னொரு சோதனை கத்தரிக்கோலால். நட்ட மூன்றாவது வாரம் ஒரு சதுர மீட்டர் அளவு இடத்தில் ஒவ்வொரு செடியிலும் கால்வாசி இலையை வெட்டிவிட்டார்கள், புழு தின்றது போல. பக்கத்திலேயே வெட்டாத ஒரு சதுர மீட்டர். அறுவடையில் இரண்டையும் தனித்தனியாக அடித்து எடை போட்டபோது சொல்லும்படி வித்தியாசமில்லை. இளம் பயிர் இழந்த இலையை ஈடுகட்டிக்கொள்ளும். கதிர் வரும் நேரத்தில் கண்ணாடி இலை, அதாவது கதிருக்கு அடியில் வரும் கடைசி இலை, போனால்தான் உண்மையான நஷ்டம். வியட்நாமின் மேகாங் சமவெளியில் 1990களில் இந்த ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டு, நெல்லுக்கு முதல் 40 நாள் இலைப்புழுவுக்காக மருந்து அடிக்காதீர்கள் என்று வானொலியிலும் சுவரொட்டியிலும் சொன்னார்கள். லட்சக்கணக்கான விவசாயிகளுக்கு அது போய்ச் சேர்ந்து, மருந்து அடிக்கும் தடவை பாதி அளவுக்குக் குறைந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வயல்வெளிப் பள்ளி மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும், அது தானாகப் பரவாது. இந்தோனேசியாவின் பள்ளிகளை ஆராய்ந்து உலக வங்கியைச் சேர்ந்தவர்கள் 2004ல் வெளியிட்ட ஆய்வு, படித்தவர்களிடமிருந்து பக்கத்து வயல்காரர்களுக்கு இந்த அறிவு பெரிதாகப் போகவில்லை என்றது. கண்ணால் பார்த்துக் கற்றதை வாயால் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஆகவே சின்ன விதிகளைப் பரவலாகச் சொல்வதும் வேண்டும், பள்ளியும் வேண்டும். மண்டபத்தில் ஒரு நாள் பயிற்சி, மேடையில் உரை, மதியம் சாப்பாடு, ஒரு போட்டோ என்று முடிகிற கூட்டங்களால் ஒரு சிலந்திகூடப் பிழைக்காது. அப்படிப்பட்ட கூட்டங்களில் நான் பல முறை உட்கார்ந்திருக்கிறேன்.

அப்புறம் மொழி. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பஞ்சாயத்துகளில் வீட்டுப் பேச்சு தமிழ். பிள்ளைகள் தமிழ்வழிப் பள்ளியில் படிக்கிறார்கள். பஞ்சாயத்தின் வேளாண் அலுவலகமான கிருஷி பவனிலிருந்து வரும் நோட்டீஸ் மலையாளத்தில். பேச்சு மலையாளம் எல்லோருக்கும் புரியும், படிப்பது பெரியவர்களில் பலருக்கு வராது. பூச்சிப் பெயர்களில்தான் உண்மையான சிக்கல். புகையான் மலையாளத்தில் முஞ்ஞ. கதிர்நாவாய்ப்பூச்சி அங்கே சாழி. குருத்துப்பூச்சி தண்டுதுரப்பன். முஞ்ஞக்கு எச்சரிக்கை என்று நோட்டீஸ் ஒட்டியிருந்த வாரம் எங்கள் ஊரில் ஒருவர் அது வேறு ஏதோ புதுப்பூச்சி என்று நினைத்துக்கொண்டு, தன் வயலில் இருப்பது வெறும் புகையான்தானே என்று இருந்துவிட்டார். பொள்ளாச்சிப் பக்கத்துத் தமிழ் நோட்டீஸ் எல்லை தாண்டி வருவதில்லை. சமிதியில் நடந்த பள்ளியில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். தாளில் வரைந்த ஒவ்வொரு பூச்சிக்கும் பக்கத்தில் இரண்டு பெயரையும் எழுதினார்கள். கிருஷி ஆபீசர் மலையாளத்தில் பேசுவார், களை எடுக்கும் பெண்கள் தமிழில் பதில் சொல்வார்கள், படம் நடுவில் கிடக்கும்.

அந்தப் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புகையான் இருப்பது அடித்தூரில். மருந்து அடிக்கிற ஆண் நிமிர்ந்து நடக்கிறார், அவர் பார்ப்பது இலை நுனி. களை எடுக்கிற பெண் குனிந்து, முகத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்து நாள் முழுக்க நகர்கிறார். புகையானை முதலில் பார்ப்பது அவர்தான். ஆனால் பயிற்சிக்கு அழைப்பு பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. எங்கள் பள்ளியிலும் முதல் இரண்டு வாரம் ஒரு பெண்கூட இல்லை. அத்தை தானாக வந்து நின்றதைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். பொறி வண்டு (ஆரஞ்சு நிறத்தில் புள்ளி போட்டது) எந்த வயலில் அதிகம், எதில் இல்லை என்று அவர்கள் சொன்ன கணக்கு, ஆண்கள் போட்ட படத்தைவிடச் சரியாக இருந்தது.

இதில் ஆந்திரா எங்களைவிட முன்னே போயிருக்கிறது. தமிழ்நாட்டு எல்லையில் அங்கேயும் ஒரு சித்தூர் இருக்கிறது, அங்கேயும் தமிழ் பேசுகிற விவசாயிகள் உண்டு. 2004-05 வாக்கில் அந்த மாநிலம் மருந்தில்லாப் பூச்சி மேலாண்மையை மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வழியாகக் கொண்டுபோனது. அப்போதைய கம்மம் மாவட்டத்தில் இருந்த, இப்போது தெலங்கானாவில் இருக்கும் புனுகுலா கிராமம் அதற்கு முன்னோடி. 2016 முதல் இயற்கை வேளாண்மைத் திட்டமாக அது விரிந்தது. அங்கே கற்றுத் தருபவர் பெரும்பாலும் அதிகாரி இல்லை, செய்து பார்த்த இன்னொரு விவசாயி. குழுவில் வட்டிக் கணக்குப் பார்க்கிற அதே கூட்டத்தில் பூச்சிக் கணக்கும் பேசப்படுகிறது. எங்கள் பக்கம் கேரளத்து மகளிர் குழுக்களின் அமைப்பான குடும்பஸ்ரீ இவ்வளவு பலமாக இருந்தும் இந்த வேலை அதன் கைக்கு முழுசாக வரவில்லை.

எல்லை என்பதால் வேறொரு தலைவலியும் உண்டு. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்து தெளித்ததால் அங்குள்ள மக்களுக்கு வந்த துயரத்துக்குப் பிறகு, 2011 மே 13ல் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுக்க நிறுத்தியது. அதே ஆண்டு கேரளம் கார்போபியூரான், போரேட், மோனோகுரோட்டோபாஸ், பாராகுவாட் உட்படப் பல கொடிய மருந்துகளின் விற்பனையைத் தடுத்தது. 2019ல் கிளைபோசேட்டையும் தடுத்தது. நல்ல முடிவுகள்தான். ஆனால் கோபாலபுரம், வேலந்தாவளம், நடுப்புணி என்று எந்தச் செக்போஸ்டைத் தாண்டினாலும் சில நிமிடத்தில் தமிழ்நாட்டுக் கடை. 1968ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலங்களுக்குத் தருவது 60 நாள் அளவிலான தற்காலிகத் தடை அதிகாரம்தான், நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில். தமிழ்நாடு 2023ல் ஆறு மருந்துகளைத் தடுத்தபோதும் அது 60 நாளுக்குத்தான். ஒரு பக்கம் கிடைக்காதது மறுபக்கம் கிடைக்கும்போது, டூவீலரில் ஒரு பையில் எல்லாம் வந்துவிடும். பில் இருக்காது, எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்ல ஆளிருக்காது. தடையை நான் குறை சொல்லவில்லை. மிகக் கொடிய விஷம் என்பதற்கு அடையாளமான சிவப்பு முக்கோணம் போட்ட டப்பா கடையில் இல்லாமல் இருப்பது பெரிய விஷயம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நாலு முக்கோணத்துக்கும் என்ன அர்த்தம் என்று வாங்குகிறவருக்குத் தெரிந்திருந்தால் அந்தத் தடைக்குப் பலம் கூடும். எங்கள் பள்ளிக்கு வந்த முப்பது பேரில் முதல் நாள் அதைச் சரியாகச் சொன்னவர்கள் மூன்று பேர்.

முதலமடை மாந்தோப்புகளில் பிரச்சனை வேறு விதம். நாட்டிலேயே சீக்கிரம் வரும் மாம்பழம் அங்கிருந்து போகிறது. விலை அந்தச் சீக்கிரத்தில் இருக்கிறது, பூவைக் காப்பாற்ற வேண்டிய பதற்றமும் அதில்தான் இருக்கிறது. தத்துப்பூச்சி, இப்போது இலைப்பேன். பெரும்பாலான தோப்பு குத்தகைக்குப் போகிறது. குத்தகைக்காரருக்கு ஒரு பருவம்தான் கணக்கு. அடுத்த வருடம் அந்த மண்ணில் மண்புழு இருக்குமா, தோப்புக் கிணற்றில் என்ன இறங்கும் என்பது அவர் கவலையாக எப்படி ஆகும்? தோப்புக்காரருக்கு மட்டும் வகுப்பு எடுத்துப் பயனில்லை. குத்தகைப் பேச்சிலேயே எதை அடிக்கக்கூடாது, டேங்கை எங்கே கழுவ வேண்டும் என்று எழுத வைக்க வேண்டும்.

தென்னைக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் தென்பட்டது 2016ல், பொள்ளாச்சி-பாலக்காட்டுப் பக்கத்தில். ஓலையெல்லாம் கறுத்துப்போனதைப் பார்த்துப் பலர் மருந்தோடு ஓடினார்கள். ஆராய்ச்சி நிலையங்கள் அடிக்காதீர்கள் என்றன. என்கார்சியா என்ற குட்டிக் குளவி அந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும், மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி. மஞ்சள் ஒட்டுப் பொறி, தண்ணீர் பீய்ச்சல், கறுப்புக்கு மைதாக் கஞ்சி. அடிக்காமல் பொறுத்திருந்த தோப்புகளில் குளவி பெருகியதை விவசாயிகள் கண்ணால் பார்த்தார்கள்.

இயற்கை மருந்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம் என்ற நினைப்பும் ஆபத்துதான். புகையிலைக் கஷாயத்தில் இருப்பது நிக்கோட்டின், கடும் விஷம், முகத்தைக் கட்டாமல் அடித்தால் தலைசுற்றி விழுவார்கள். போர்டோக் கலவையில் இருக்கும் தாமிரம் சிதையவே சிதையாது, வருடா வருடம் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். ஏலத்துக்கும் மிளகுக்கும் அதை நம்பியிருக்கும் இடுக்கித் தோட்டங்களில் இது யோசிக்க வேண்டிய விஷயம். வேப்பங்கொட்டைக் கரைசல் அவ்வளவு கெடுதல் செய்யாது. பத்துக் கிலோ பருப்பை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, 200 லிட்டர் ஆக்கி, சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் அடித்தால் ஒரு ஏக்கருக்கு ஆகும். ஆனால் அதையும் எண்ணிப் பார்த்த பிறகுதான் அடிக்க வேண்டும்.

எங்கள் வயலில் மாறியவை சின்னச் சின்ன விஷயங்கள். நடும்போது எட்டு அடிக்கு ஒரு அடி இடைவெளி விட்டுப் பட்டம் போடுகிறார்கள், தூருக்குக் காற்றும் வெயிலும் போகட்டும் என்று. புகையான் கண்டால் முதலில் தண்ணீரை வடிக்கிறார்கள். யூரியாவைப் பிரித்துப் போடுகிறார்கள். குருத்துப்பூச்சி அந்துப்பூச்சி பறக்கத் தொடங்கினால் பூச்சியின் முட்டையை அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்ற குட்டிக் குளவி ஒட்டிய காகித அட்டையைத் துண்டு போட்டு இலையில் கட்டுகிறார்கள். அந்த அட்டை வேண்டிய வாரத்தில் கிடைப்பதுதான் பெரிய பாடு, பத்து நாள் தாமதமாக வந்தால் அது வெறும் காகிதம். மருந்து அடித்தே ஆக வேண்டிய பருவமும் வந்தது. அப்போது மூடிக்குப் பதிலாக அளவுக் குவளை. முடிந்ததும் டேங்கில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அதையும் அதே வயலில் அடிப்பது, இப்படி மூன்று முறை. வாய்க்காலில் கால் வைப்பதில்லை. மாமா இதைச் சொல்லித் தந்த மாதிரியே செய்கிறார், மூன்றாவது குலுக்கலை எனக்குக் கேட்கும்படி சத்தமாக எண்ணிக்கொண்டு.

பள்ளியின் கடைசி வாரத்தில் மருந்து அடிக்கும் கூலிக்காரர் ஒருவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பாடசேகரம் முழுக்க டேங்க் சுமப்பவர் அவர்தான். எல்லோரும் எத்தனை தடவை மருந்து குறைந்தது என்று சந்தோஷமாகச் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்: "ஏனுங்க, நீங்க எல்லாம் அடிக்கறதை நிறுத்திட்டா நான் எங்கீங்க போறது?" டேங்குக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர். அந்த விஷத்தை எங்கள் எல்லோரையும்விட அதிகமாக மூச்சில் இழுத்தவரும் அவர்தான். யாருக்கும் உடனே பதில் வரவில்லை. அத்தைதான், வாரம் ஒரு நாள் எல்லா வயலிலும் பத்துக் குத்து எண்ணிச் சொல்வதற்கு சமிதியே அவருக்குக் கூலி கொடுக்கட்டுமே என்றார். களை எடுக்கும் பெண்கள் இருவரையும் அதில் சேர்க்க வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். ஏக்கருக்கு எவ்வளவு என்பதில் இழுபறி. இந்த முண்டகனுக்கு முன்னால் சமிதி கூடும்போது அதை முடிவு செய்வதாக எழுதி வைத்திருக்கிறார்கள்.